சிங்கங்களுக்குத் தீனி

பெரியவளுக்குச் சிங்கம் வளர்க்கும் வேலை. என்ன வேலை என்று யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வாள். கேட்டவர் விழிப்பதைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டுத்தான் மீதியைச் சொல்வாள். அந்தச் சிங்கம் ஒரு பூச்சியின் புழு, எறும்பைவிடச் சற்றுப் பெரியது. பழுப்பு நிறம், முகத்துக்கு முன்னால் இடுக்கிபோல வளைந்த இரண்டு தாடைகள். செடியின் சாற்றை உறிஞ்சிப் பாழாக்கும் அசுவினியைக் கண்டால், அந்த இடுக்கியால் கவ்வித் தூக்கி, ஒட்ட உறிஞ்சி, சக்கையை வீசிவிட்டு அடுத்ததைத் தேடும். இரண்டு வாரம் இந்த வெறியாட்டம். பிறகு கூடு கட்டி, இறக்கை முளைத்து வெளியே வரும்போது ஆளே மாறிப்போயிருக்கும். வெளிர்பச்சை உடம்பு, கண்ணாடி இறக்கை, பொன்னிறக் கண். தேன்துளி இருந்தால் போதும், வேறொன்றும் கேட்காது.

"சின்ன வயசுல ரவுடி, பெரிசானதும் சாமியார்," என்பாள் பெரியவள்.

பூச்சிக்கூடம் ஊர் முடியும் இடத்தில், பழங்களைக் குளிர வைக்கும் கிடங்குக்குப் பின்னால் இருந்தது. தாழ்ந்த கூரையின் கீழ் வரிசையாக நாலு அறைகள். மருந்து அடிக்காமல் பயிரைக் காப்பாற்ற நினைக்கும் தோட்டக்காரர்கள் அங்கே வந்து, உமியோடு கலந்த சிங்கக்குஞ்சுகளைப் பெட்டியில் வாங்கிக்கொண்டு போய்ச் செடிகளின் மேல் தூவுவார்கள். பெரியவள் இருபத்து மூன்று வயதில் அங்கே தரை கூட்ட வந்தாள். கல்யாணம் என்று ஒன்று அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. "அந்த ஆளும் நல்லவன்தான், நானும் நல்லவதான். ரெண்டு நல்லதும் ஒரே வீட்டுல ஒட்டல," என்று அதை ஒரே வரியில் முடித்துவிடுவாள். கூட்டுமாறோடு வந்தவள், குஞ்சுகளை வளர்க்கும் குழித்தட்டுகளைக் கவனித்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் வராமல்போகவே, தூரிகையைக் கையில் எடுத்தாள். அதற்குப் பிறகு அதை யாரும் அவளிடமிருந்து திரும்ப வாங்கவில்லை. மூன்றே மயிர் விட்டு மற்றதை வெட்டிய தூரிகை அது. அதன் நுனியில் ஒருநாள் வயதுக் குஞ்சைத் தொற்றவைத்துத் தட்டின் குழிக்குள் இறக்கிவிடுவாள், குஞ்சுக்கே தெரியாது. அவள் பொறுப்பில் ஒரு தட்டுகூடச் செத்ததில்லை என்பது கூடத்தில் பேச்சு.

அவளுக்குப் பத்து வயது இளையவள் தங்கை. சின்னவளுக்கு ஒன்பது வயதிலேயே அம்மா போய்விட்டாள். அப்பா அதற்கு முன்பே போனவர். தலைவாரி விட்டது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, கடைசியில் ஒரு தையல்காரருக்குக் கட்டிக்கொடுத்தது எல்லாமே பெரியவள்தான். தையல்காரர் அதிகம் பேசமாட்டார். சின்னவளோ வாயை மூடமாட்டாள். "எங்க வீட்டுல ரெண்டு மிஷின். அவரோடது தைக்கும், என்னோடது பேசும்," என்பாள்.

சின்னவள் அப்போது ரோஜாப் பண்ணையில் வேலை செய்தாள். பிளாஸ்டிக் கூரை போட்ட நீண்ட கூடாரங்கள். முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு வாரம் நாலு நாள் மருந்தடிப்பாள். உள்ளங்கை தோல் உரிந்துகொண்டே இருக்கும். ஒருநாள் மதியம் கூடாரத்துக்குள்ளேயே மயங்கி விழுந்தாள். வாயில் நுரை. செய்தி கேட்டுப் பெரியவள் வேலையிலிருந்து ஓடினாள். கூடாரத்துக்கு வெளியே ஒரு சாக்கின் மேல் தங்கையைக் கிடத்தியிருந்தார்கள். மேஸ்திரி, "வெயில்லம்மா, வெயில்ல இப்படி ஆகும்," என்றார்.

"வெயிலுக்கு நுரை தள்ளுமா? உன் வீட்டுப் பொண்ணை இந்த டப்பாவைச் சுமக்க வை, பாக்கலாம்," என்று பெரியவள் கத்தியதை அந்தப் பண்ணையில் வெகுநாள் பேசினார்கள்.

மூன்று நாள் ஆஸ்பத்திரி. நாலாம் நாள், "இனி அந்த விஷத்தை நீ தொடக் கூடாது. என்கூட வா," என்று கையைப் பிடித்துப் பூச்சிக்கூடத்துக்கு அழைத்து வந்தாள். பொறுப்பாளரிடம் அவளே பேசினாள். அந்து அறையில் ஆள் வேண்டியிருந்தது.

சிங்கத்தை வளர்க்க வேண்டுமானால் முதலில் அதற்குத் தீனி வளர்க்க வேண்டும். தானியத்தில் விழுமே, அந்த அந்துப்பூச்சியின் முட்டைதான் தீனி. உடைத்த தானியத்தைத் தொட்டிகளில் பரப்பி, அதில் அந்து முட்டையைத் தூவி மூடிவைத்தால், புழு தானியத்தைத் தின்று நூல் கட்டி, நாற்பது நாளில் சாம்பல் நிற அந்துகள் பொலபொலவென்று வெளியே வரும். அவற்றைப் பிடித்துக் கம்பிவலை அடித்த பீப்பாயில் அடைப்பார்கள். மறுநாள் காலையில் வலைக்குக் கீழே முட்டைகள் மணல்போலக் கொட்டிக் கிடக்கும். சலித்து, புடைத்து, தூசு நீக்கிக் குப்பிகளில் அடைத்து, அந்து அறைக்கும் பெரியவளின் தட்டு அறைக்கும் நடுவிலிருந்த சின்ன ஜன்னல் வழியாகச் சின்னவள் நீட்டுவாள்.

"இந்தாங்க, சிங்கராஜாவுக்குச் சாப்பாடு ரெடி. உப்பு பத்தலைன்னா சொல்லுங்க."

"குசும்பு போதும்டி, குப்பியைக் குடு."

இப்படியே பதினோரு வருடம். அந்த ஜன்னலில் அவர்கள் பேசாத பேச்சு இல்லை. தாய்ப்பூச்சிகள் முட்டையிட்டிருந்த கறுப்புத் துணியைப் பெரியவள் ஒருமுறை தூக்கிக் காட்டினாள். சிங்கத்தின் தாய் ஒவ்வொரு முட்டையையும் ஒரு நூல்காம்பின் உச்சியில் தனித்தனியாகத் தொங்கவிடும். முதலில் பொரிந்த குஞ்சு பக்கத்தில் இருப்பதைத் தின்றுவிடும் என்பதால் அப்படி. சின்னவள் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "அந்த அம்மாவுக்கு விவரம் தெரிஞ்சிருக்கு. நம்ம அம்மாதான் வெள்ளந்தி, என்னை உன் பக்கத்துலயே போட்டுட்டா," என்றாள். இருவரும் சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்து பொறுப்பாளர் எட்டிப் பார்த்தார்.

தோட்டக்காரர்கள் வந்தால் பெரியவள் தங்கையைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துவாள். "மருந்து அடிச்சு அடிச்சுப் பாதி செத்தவ இவ. நான்தான் விஷத்துல இருந்து மீட்டு வந்தேன். இப்ப பாருங்க, எப்படி இருக்கான்னு." சின்னவள் ஏதோ பரிசு வாங்கியவள்போலத் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பாள்.

அந்து அறையில் ஒரு சங்கடம் உண்டு. அந்தின் இறக்கையிலிருந்து சதா செதில் உதிரும். தொட்டியின் மூடியைத் திறந்ததும் மாவு கொட்டியதுபோல ஒரு மங்கல் எழும்பும். ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் பார்த்தால் காற்றே மினுங்குவது தெரியும். அதற்காகச் சுவரில் காற்றை வெளியே தள்ளும் பெரிய விசிறி ஒன்று வைத்திருந்தார்கள். துணி முகமூடியும் கொடுத்திருந்தார்கள். முகமூடி போட்டால் மூச்சு முட்டுகிறது, அதைவிடப் பேச்சு முட்டுகிறது என்று சின்னவள் அதைக் கழுத்தில் இறக்கிவிட்டுக்கொள்வாள். பெரியவளும் ஒன்றும் சொல்லமாட்டாள். தங்கையின் பேச்சு அவளுக்கும் வேண்டியிருந்தது.

எட்டாவது வருடம் அந்த விசிறி நின்றுபோனது.

"மோட்டார் எரிஞ்சுபோச்சு. மேல எழுதிப் போட்டிருக்கேன். ஒரு வாரத்துல வந்துரும்," என்றார் பொறுப்பாளர். கெட்ட மனிதர் இல்லை. எதையும் எழுதிப் போட்டதோடு தன் வேலை முடிந்தது என்று நினைப்பவர். பெரியவள் மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் எழுதிப் போட்டிருந்தார். அந்த வருடம் பார்த்துச் சுற்றுவட்டாரம் முழுக்க அசுவினி. குடமிளகாய், வெள்ளரி, பூச்செடி எதையும் விடவில்லை. வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. தொட்டிகளை இரண்டு மடங்காக்கினார்கள். அந்து அறையில் நடக்க இடமில்லை. ஒருநாள் சின்னவள் ஜன்னலில் சாய்ந்து, "அக்கா, உள்ள ஒரே புகைச்சலா இருக்கு. கொஞ்சம் தொட்டியைக் குறைக்கச் சொல்லேன்," என்றாள்.

பெரியவளின் தட்டுகளில் அப்போது ஆயிரக்கணக்கில் குஞ்சுகள் பசியோடு கிடந்தன. "இன்னும் ரெண்டு வாரம் சமாளிடி. சிங்கம் எல்லாம் பட்டினி," என்றாள்.

சின்னவள் சமாளித்தாள். ரெண்டு வாரத்துக்குப் பிறகும் விசிறி வரவில்லை. அதற்குப் பிறகு அதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, இவளும் கேட்கவில்லை.

இருமல் எப்போது ஆரம்பித்தது என்று பெரியவளுக்குத் தெரியாது. இதை அவளால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. தூரிகையில் இருக்கும் குஞ்சு மூச்சுவிடுவதைக் கண்டுபிடிக்கும் கண், பத்தடி தள்ளி நின்ற தங்கையிடம் ஏமாந்துபோனது. பிறகு யோசித்தபோதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. சின்னவள் அடிக்கடி முற்றத்துக் குழாயடிக்குப் போவாள். குழாயை முழுசாகத் திறந்துவிடுவாள். தண்ணீர் சடசடவென்று வாளியில் விழும். "எதுக்குடி இப்படித் தண்ணியை வீணாக்குற?" என்று பெரியவள் இங்கிருந்தே சத்தம் போடுவாள். அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் நின்று சின்னவள் இருமிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அதை மறைக்க முடியவில்லை. ஆனால் தையல்காரர் தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டார். துணி வெட்டும்போது பறக்கும் பஞ்சுதான் மனைவியின் நெஞ்சில் இறங்குகிறது என்று முடிவுகட்டி, மிஷினைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு படிக்கட்டின் அடியில் போட்டுக்கொண்டார். மழை பெய்தால் மேலே ஒழுகும். சின்னவள் அவரைத் தடுக்கவில்லை. தடுத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒருநாள் காலையில் குப்பியை நீட்டிய கை ஜன்னலைத் தாண்டி வரவில்லை. பெரியவள் எட்டிப் பார்த்தபோது தங்கை தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றிருந்தாள். உதடு நீலமாக இருந்தது. முடியெல்லாம், புருவமெல்லாம் சாம்பல் பொடி. நாற்பது வயதுகூட ஆகாதவள் கிழவிபோல நின்றாள்.

நெஞ்சு டாக்டர் ஒரு பெண்மணி. அவசரப்படாமல் கேட்டார். "என்ன வேலைம்மா பாக்கறீங்க?"

"சிங்கத்துக்குச் சமையல்," என்றாள் சின்னவள், மூச்சு வாங்க.

டாக்டர் சிரிக்கவில்லை. பெரியவள்தான் எல்லாவற்றையும் விளக்கினாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்த அந்து பறக்கும்போது தூள் கொட்டுமா?"

"கொட்டும் டாக்டர்."

"எத்தனை வருஷமா உள்ள இருக்காங்க?"

"பதினோரு வருஷம்."

எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். கண்ணாடியில் மூச்சுக்காற்று பட்டதுபோல நெஞ்சு முழுக்க வெளுப்பு. "சிலருக்கு இந்தத் தூள் ஒத்துக்காது. தினமும் உள்ள போகப் போக நுரையீரல் தழும்பு தழும்பா இறுகிப்போயிடும். கைல பட்ட தழும்பு மாதிரிதான். அது பழையபடி ஆகாதும்மா. இனிமே அதிகமாகாமப் பாத்துக்கலாம். அந்த அறைப் பக்கமே போகக் கூடாது. ரெண்டு, மூணு வருஷம் முன்னாடியே வந்திருந்தீங்கன்னா..." என்று நிறுத்திக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே பேருந்துக்காக ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இரண்டு பேருந்துகள் வந்து போயின. இருவரும் எழுந்திருக்கவில்லை.

"ஏண்டி சொல்லல?" என்றாள் பெரியவள்.

சின்னவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா?"

"மூணு வருஷம் இருக்கும். ஞாயித்துக்கிழமை நல்லா இருக்கும்க்கா. திங்கக்கிழமை சாயங்காலம் திரும்ப வந்துரும். எனக்கே தெரிஞ்சுபோச்சு, அந்த அறைதான்னு."

"தெரிஞ்சுமா வாயைத் தெறக்கல? ஊர்க்கதை எல்லாம் பேசுவியே!"

"நீ வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்வியே, என் தங்கச்சியை விஷத்துல இருந்து மீட்டு வந்தேன்னு. எவ்வளவு சந்தோஷமா சொல்வே. அதைப் போய் எப்படிக்கா ஒடைக்கிறது?"

பெரியவளுக்கு எதிரே இருந்த ரோடு, கடை, ஆட்கள் எதுவும் தெரியவில்லை. தங்கையின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கை மழமழவென்று இருந்தது. ரோஜாப் பண்ணையில் உரிந்த தோல் எப்போதோ ஆறியிருந்தது.

தையல்காரரிடம் பெரியவள்தான் போய்ச் சொன்னாள். படிக்கட்டின் அடியில், ஒரு பேண்ட்டுக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை, உங்க பஞ்சு இல்ல. அந்து அறைத் தூள்தான்," என்றாள்.

"என் பஞ்சு இல்லையா அண்ணி?" என்றார். அவர் முகத்தில் ஒரு கணம் நிம்மதி வந்து போனது. அப்படி நிம்மதிப்பட்டதற்காக வெட்கப்பட்டு, பேண்ட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். பெரியவள் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்லும் யோக்கியதை தனக்கு இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

பூச்சிக்கூடத்தில் அந்து அறை வேலையை நாலு பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு மேஜை விசிறி வந்தது. சுவரில் இருந்தது அப்படியே நின்றது. பெரியவள் பொறுப்பாளரோடு சண்டைக்குப் போகக் கிளம்பியபோதெல்லாம் சின்னவள் தடுத்தாள். "சண்டை போட்டுக் கூடத்தை மூடிட்டா என்ன ஆகும்? தோட்டக்காரங்க எல்லாம் மறுபடி மருந்து டப்பாவைத்தான் தூக்குவாங்க. சுமக்கறது என்னை மாதிரி ஒருத்தியாத்தான் இருப்பா." அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதும் பெரியவளுக்கு வசதியாக இருந்தது.

சின்னவள் இரண்டு வருடம் இருந்தாள். முதல் வருடம் வீட்டுக்குள் நடந்தாள். இரண்டாம் வருடம் ஜன்னலோர நாற்காலியும் பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டரும்தான். ஒரு மூச்சில் மூன்று, நாலு சொல்லுக்கு மேல் முடியவில்லை. அந்த அளவுக்குள்ளேயே வேடிக்கை பேசப் பழகிக்கொண்டாள். சிலிண்டரைக் காட்டி, "புது மாப்பிள்ளை... குண்டு... பேசவே மாட்டேங்கறான்," என்பாள். பெரியவள் வேலை முடிந்து தினமும் வந்து அவளைக் குளிப்பாட்டி, தலைவாரி விடுவாள். சீப்பை இழுக்கும்போது தலை பின்னால் வந்துவிடும். கழுத்துக்கு அவ்வளவு பலமில்லை. ஒரு கையால் நெற்றியைத் தாங்கிக்கொண்டு மறு கையால் வாருவாள்.

"ஒன்பது வயசுல... இப்படித்தான்... பிடிச்சே," என்றாள் ஒருநாள் சின்னவள்.

"அப்ப நீ துள்ளுவே. அதுக்காகப் பிடிச்சேன்."

"இப்ப?"

பெரியவள் பின்னலை முடித்து நுனியில் முடிச்சுப் போட்டாள். அவிழ்த்து மறுபடி போட்டாள்.

ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சின்னவள் போனாள். பெரியவள் அப்போது கூடத்துக்குப் போகிற பேருந்தில் நின்றுகொண்டிருந்தாள். இறங்கும் இடத்தில் கூடத்துக் காவலாளி காத்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்தவள் கேள்வி எதுவும் கேட்காமல், எதிர்ப்பக்கம் போய்த் தங்கை வீட்டுக்குப் போகும் பேருந்துக்காக நின்றாள். அங்கே நாற்காலியிலேயே சின்னவளின் தலை சாய்ந்திருந்தது. தையல்காரர் சிலிண்டரின் குழாயை எடுத்துவிடத் தெரியாமல் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அதிலிருந்து காற்று சீறிக்கொண்டிருந்தது. பெரியவள்தான் திருகி மூடினாள்.

பத்து நாள் கழித்து வேலைக்குப் போனாள். தட்டுகளை வேறொருத்தி ஒழுங்காகவே கவனித்திருந்தாள். பெரியவள் தூரிகையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது அந்து அறை ஜன்னலில் ஒரு குப்பி நீண்டது. புதிய கை. அசுவினிப் பருவம் வந்துவிட்டதால் அந்து அறைக்கு நிரந்தரமாக ஓர் ஆளை எடுத்துவிட்டார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு பிள்ளைகளின் தாய். முகமூடி கழுத்தில் தொங்கியது. "அக்கா, முட்டை," என்று சிரித்தாள்.

பெரியவள் அந்தக் குப்பியை வாங்கவில்லை. எழுந்து அந்து அறைக்குப் போய், "வெளிய வாம்மா," என்றாள். புதியவள் குழம்பிப்போய் வெளியே வந்தாள். பெரியவள் கதவைச் சாத்தி, தன் முக்காலியைக் கொண்டுவந்து கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பொறுப்பாளர் வந்தார். "என்னம்மா இது?"

"ஃபேன் வைங்க. அப்புறம் யார் வேணா உள்ள போகட்டும்."

"எழுதிப் போட்டிருக்கேன்மா. உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். அஞ்சு வருஷமா எழுதிப் போட்டிருக்கீங்க."

"உன் துக்கம் எனக்குப் புரியுது. ஆனா முட்டை இல்லாம உன் சிங்கம் எல்லாம் செத்துப்போயிடுமே! நீ வளர்த்ததாச்சே!"

"சாகட்டும்," என்றாள் பெரியவள். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

அவர் நம்பவில்லை. இவ்வளவு காலம் ஒரு தட்டைச் சாகவிடாதவள் மதியத்துக்குள் எழுந்துவிடுவாள் என்று நினைத்தார். அவள் எழுந்திருக்கவில்லை. மாலையில் வீட்டுக்குப் போய் மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். தட்டு அறையின் கதவு திறந்துதான் இருந்தது. அவள் இருந்த இடத்திலிருந்து முதல் வரிசை தெரியும். ஒன்றாகக் கிடந்த குஞ்சுகள் முதல் நாளே ஒன்றையொன்று பிடிக்கத் தொடங்கிவிட்டன. தனித்தனிக் குழிகளில் இருந்தவை மேலும் கீழும் அலைந்து, பிறகு அசையாமல் சுருண்டன. இரண்டாம் நாள் ஒரு தோட்டக்காரர் வந்து, "என் வெள்ளரி போச்சேம்மா," என்று புலம்பினார். பெரியவள் அவரிடம் நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னாள். விஷத்தில் இருந்து மீட்டு வந்த கதையை இத்தனை வருடம் கேட்டிருந்தவர் அவர். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பிறகு நேரே பொறுப்பாளரின் அறைக்குப் போனார். அடுத்து வந்த இரண்டு பேரும் அங்கேதான் போனார்கள். உள்ளே சத்தம் கேட்டது.

மூன்றாம் நாள் காலையில் ஒரு வேனில் விசிறி வந்திறங்கியது. கூடவே தூசை உறிஞ்சும் கண்ணாடிப் பெட்டி ஒன்று. கையை மட்டும் உள்ளே விட்டு அந்தைப் பிடிக்கலாம். வடிகட்டி வைத்த முகமூடிகள் ஒரு பெட்டி நிறைய. மெக்கானிக் ஏணியைச் சாய்த்தபோது பெரியவள் முக்காலியை நகர்த்தினாள்.

"எவ்வளவு நேரமாகும்ப்பா?" என்று கேட்டாள்.

"ஓட்டை ஏற்கெனவே இருக்கேம்மா. ஒரு மணி நேரம் போதும்."

ஒரு மணி நேரம். பெரியவள் முற்றத்துக்குப் போனாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. மூன்று நாள் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அன்றைக்கே உட்கார்ந்திருக்கலாம். உள்ளே புகைச்சலாக இருக்கிறது என்று சின்னவள் வாய்விட்டுச் சொன்ன அன்றைக்கே. புதியவள் ஓடிவந்து தோளைப் பிடித்து, "என்னக்கா? அதான் வந்துருச்சே, ஏன்க்கா அழறீங்க?" என்றாள். அவளுக்கு எப்படிச் சொல்வது?

செத்த தட்டுகளைப் பெரியவளே கழுவினாள். குழிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். வேறொரு கூடத்திலிருந்து முட்டை வாங்கி மறுபடி ஆரம்பிக்க ஒரு மாதமாயிற்று. அந்த வெள்ளரிக்காரரின் பயிர் பாதி போனது போனதுதான். அவர் அதைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

இது நடந்து மூன்று வருடமாகிறது. பெரியவள் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள். மூக்குக்கண்ணாடி மாற்றியாயிற்று, தூரிகை பிடிக்கும் கை லேசாக நடுங்குகிறது. யாராவது என்ன வேலை என்று கேட்டால், "பூச்சிக்கூடத்துல," என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். சனிக்கிழமைதோறும் வேலை முடிந்ததும் அந்து அறைக்காரியைக் கிடங்கின் இரும்புப் படிகளில் மூன்று முறை ஏறி இறங்கச் சொல்வாள். கீழே வந்ததும் பேசவிடமாட்டாள். முதுகில் காதை வைத்து மூச்சைக் கேட்பாள்.

"நான் நல்லாத்தான் இருக்கேன்க்கா," என்று அவள் கூச்சத்தோடு நெளிவாள்.

"பேசாத," என்பாள் பெரியவள். "மூச்சை இழு. இன்னொரு தடவை இழு."

படியில் வருகிறவர்கள் போகிறவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு, அந்த மூச்சு உள்ளே போய் வெளியே வரும்வரை அவள் நகரமாட்டாள்.